ஸ்டெல்லா தோற்ற கேம்

ஞாயிற்றுக்கிழமை ஒரு வீடியோ கேம் ஆடினேன். நெஞ்சுப் படபடப்பு இன்னும் அடங்கவில்லை. துப்பாக்கி இல்லை, பேய் இல்லை, துரத்தல் இல்லை... ஒரு சமையலறை. அவ்வளவுதான்!

புனேயில், கட்கிப் பக்கம் ஸ்டெல்லா இருக்கிறாள். என்னோடு படித்தவள், இப்போது பள்ளிக்கூட டீச்சர். திருநெல்வேலிக் குடும்பம், அவள் அப்பா காலத்திலேயே புனேவாசிகள். மகள் ரோஷ்னி கேம் டிசைன் படிக்கிறாள்.

அதெல்லாம் ஒரு படிப்பா என்று நானும் கேட்டவன்தான். மனுஷன் எதற்கு ஏமாறுவான், எதில் எரிச்சலாவான், கை எங்கே தானாகப் போகும்... நம்மையேதான் படிக்கிறார்கள் என்பது எனக்கு எங்கே தெரிந்தது?

சர்ச் முடிந்து, மட்டன் குழம்பும் முடிந்து, ரோஷ்னி லேப்டாப்பைத் திறந்தாள்.

"அங்கிள், நான் செஞ்ச கேமுக்கு ப்ளே டெஸ்ட். நீங்க ஆடணும், நான் பாக்கணும். செஞ்சவங்க வாயே தொறக்கக் கூடாது. நீங்க முழிச்சாலும் ஹெல்ப் கிடையாது. அதான் ரூல்."

"நீ வாயத் தொறக்காம இருப்பியாக்கும்? பாக்கத்தான போறேன்!" என்றாள் ஸ்டெல்லா.

திரையில் சமையலறை. ஆடுகிறவர்தான் அம்மா. தோளில் பையோடு ஒரு பெண் வந்து நிற்கிறாள். கன்ட்ரோலரில் ஒரு பட்டனை அழுத்தினேன். 'சாப்டியா?' என்றாள் அம்மா. தமிழ்தான், எழுத்து மட்டும் இங்கிலீஷ். ரோஷ்னிக்கு அப்படித்தான் வரும். இன்னொரு பட்டன் — 'தலைக்கு எண்ணெய் வெச்சியா?' இன்னொன்று — 'ஏன் முகம் வாடியிருக்கு?'

அந்தப் பெண் வாயைத் திறந்தாள். நான் அடுத்த பட்டனை அழுத்தினேன். மூடிக்கொண்டாள். மறுபடி திறந்தாள். அழுத்தினேன். கேம் என்றால் அழுத்தத்தானே வேண்டும்?

அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆட்டம் முடிந்தது.

"எந்தப் பட்டன்லம்மா ஜெயிக்கிறது?"

ரோஷ்னி வாய் திறக்கவில்லை. ரூல்.

"குடு இங்க! டீச்சரம்மாகிட்டயா?" ஸ்டெல்லா பிடுங்கிக்கொண்டாள். என்னைவிட வேகம். கேள்விகள் ஆலங்கட்டியாய்ப் பொழிந்தன. கதவு சாத்திக்கொண்டது. மறுபடி ஆடினாள். மறுபடியும் கதவு.

கன்ட்ரோலரை டீபாயில் வைத்துவிட்டு மகள் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, என்ன கேமு இது? நான் இவ்ளோ பாசமா கேக்கேன், அந்தப் புள்ள ஒரு வார்த்த பேசுதா பாரு! இது கராப் ஆயிட்டுட்டி, கெட்டுப்போச்சு. வேற செய்யி. இதுக்குத்தான் ஒழுங்கா திங்காம கொள்ளாம கெடந்தியா? உன் கண்ணப் போயி கண்ணாடில பாரு..."

அவள் முதுகுக்குப் பின்னால் திரையில் ஆட்டம் தானாக மறுபடி தொடங்கியிருந்தது. யாரும் எதையும் தொடவில்லை.

சமையலறைப் பெண் பையை இறக்கி வைத்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

'அம்மா, எனக்கு ரொம்ப நாளா தூக்கம் இல்ல. எதுவுமே புடிக்கல. டாக்டர்கிட்ட போயிட்டு இருக்கேன். உங்ககிட்ட எப்படி சொல்றதுன்னு தெரியல.'

ஜெயிக்கிற வழி இதுதானா? எதையும் அழுத்தாமல் இருப்பதா? ரோஷ்னியைப் பார்த்தேன். திட்டிக்கொண்டிருக்கும் அம்மாவையே பார்த்தபடி, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்டெல்லா... திரும்பிப் பாரு."

படித்தாள்.

"இது... நீயாட்டி?"

ரோஷ்னி தலையை மட்டும் ஆட்டினாள்.

ஸ்டெல்லாவின் கை தானாகக் கன்ட்ரோலரை நோக்கிப் போனது. எதை அழுத்தப் போகிறாள்? பாசத்தைத்தான், வேறென்ன! நம் அன்பெல்லாம் இப்படித்தான் விரல்நுனியில் துடித்துக்கொண்டு நிற்கிறது — கேள்வியாக, கவலையாக, பதிலுக்கு இடமே விடாத அக்கறையாக.

கை பாதியில் நின்றது. இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். மகளைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை.

ஃபேன் சுற்றியது. கீழே தெருவில் ஒரு ரிக்‌ஷா உறுமிவிட்டுப் போனது.

"ம்மா... மழை ஆரம்பிச்சப்பலருந்தே..." ரோஷ்னி ரூலை உடைத்தாள்.

பேச்சும் எழுத்துமே பிழைப்பானவன் நான். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லலாமே என்று வாயைத் திறந்தேன்.

தாயும் மகளும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள் — "ஷ்ஷ்ஷ்!"