கஸ்தூரி கண்டுபிடித்த பழுது

கஸ்தூரிக்குப் பதினோரு வயதில் பார்வை போனது. பூந்தமல்லியில் விடுதியில் தங்கிப் பள்ளிப் படிப்பை முடித்தாள். சென்னையில் பட்டம் வாங்கினாள். பிறகு ஊருக்கு வந்து நான்கு வருடம் வேலைக்கு அலைந்தாள். கடைசியில் சொந்த ஊர்ப் பால் சொசைட்டியிலேயே கம்ப்யூட்டர் வேலை கிடைத்தபோது வயது முப்பது ஆகியிருந்தது. உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம் உள்ளே தள்ளியிருக்கும் ஊர் அது. காலையிலும் மாலையிலும் நூற்று நாற்பது வீட்டுப் பால் அங்கே வந்து சேரும்.

கண் தெரியாத பெண் எப்படிக் கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பாள் என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் சாஃப்ட்வேர் ஒன்றை அவள் போட்டிருந்தாள். ஒரு காதில் இயர்போன், இன்னொரு காது பால் ஊற்ற வருகிறவர்களுக்கு. அந்தக் குரலை அவள் ஓடவிடும் வேகத்தில் வேறு யாருக்கும் ஒரு வார்த்தை பிடிபடாது. அவளுக்கு ஒரு எழுத்துகூடத் தப்பாது. ஆறு வருடத்தில் உறுப்பினர் எண்கள் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். வாசலில் இருமலைக் கேட்டே எண்ணைத் தட்டிவிடுவாள்.

போன தை மாதம் புதுப் பால் மெஷின் வந்தது. கொழுப்பு எவ்வளவு என்று பார்க்கிற மெஷின்தான், பழையது போலவே. ஆனால் இதை யு.எஸ்.பி. ஒயரால் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டால், அளவு தானாகவே பதிவாகிவிடும். ஒருவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் அடிக்க வேண்டியதில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த டெக்னீஷியன் பாஸ்கர் எல்லாவற்றையும் பொருத்தி, நாலைந்து முறை ஓட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வரிசை நின்றது. மெஷினில் பால் மாதிரி வைக்கும் முனியம்மாள் அளவு வந்துவிட்டதாகச் சொன்னாள். கம்ப்யூட்டரில் ஒன்றும் வரவில்லை. போர்ட், அதாவது மெஷினின் அளவு உள்ளே வரும் வழி, வேறு எதற்கோ பயன்பாட்டில் இருக்கிறது என்று மட்டும் இயர்போனில் குரல் சொன்னது. கஸ்தூரி பழையபடி கையால் அடித்து அன்றைக்குச் சமாளித்தாள்.

பாஸ்கர் மறுபடி வந்தார். அந்தப் பேச்சுக் குரல் அவருக்குத் தொந்தரவாக இருந்தது. முதல் நாள் போலவே சாஃப்ட்வேரை மூடிவிட்டு உட்கார்ந்தார். உடனே மெஷின் ஒழுங்காக வேலை செய்தது. எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கஸ்தூரி வழக்கம்போல் குரலோடு தொடங்கினாள். அளவு வருவது நின்றுபோனது. மூன்று முறை செய்து பார்த்தார்கள், மூன்று முறையும் அப்படியே. மெஷினில் பழுது இல்லை, அந்த அம்மாவின் சாஃப்ட்வேர்தான் தகராறு, அது ஓடக்கூடாது என்று செயலாளர் வீரபத்திரனிடம் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

அது ஓடக்கூடாது என்றால் கஸ்தூரி உட்கார முடியாது. வீரபத்திரன் கெட்ட மனிதர் இல்லை. அன்றைக்கு அவர் சுற்றிச் சுற்றிப் பேசினார். கொஞ்ச நாளைக்கு அவள் கேன் கணக்கைப் பார்த்துக்கொள்ளட்டும், கம்ப்யூட்டருக்கு வேறு ஆளை வைத்துப் பார்க்கலாம் என்றார். அழுதால் அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடும் என்று கஸ்தூரிக்குத் தெரியும்.

"அண்ணா, மூணு நாள் குடுங்க. காலைல பால் ஊத்தி முடிஞ்சதும் மெஷினு என்கிட்ட இருக்கட்டும். இன்னா கோளாறுன்னு நானே பாக்கறேன்."

"அந்த ஆளே பாத்துட்டு பூட்டாரும்மா. நீ இன்னா பாக்கப்போற?"

"அவரு மெஷினைப் பாத்தாரு. என்னுத அவரு பாக்கவே இல்லியே."

மூன்று நாள்தானே, சரி என்றார் வீரபத்திரன்.

முதல் நாள் எல்லாவற்றையும் கழற்றினாள். பிரிண்டர், கீபோர்டு, மெஷின் ஒயர், எல்லாமே. பிறகு ஒவ்வொன்றாகச் செருகிச் சோதித்தாள். பிரிண்டரில் தகராறு இல்லை. ஒயரை வேறு துளையில் மாற்றினாலும் அதே கதை. அடுத்து, தன் குரல் இல்லாமல் கம்ப்யூட்டர் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிய வேண்டும். குரலை மூடினால் அவளுக்குத் திரை இல்லை. ஆகவே முனியம்மாளைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். முனியம்மாளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அதனால் என்ன, மெஷின் இணைந்தால் பச்சையாகவும் இணையாவிட்டால் சிவப்பாகவும் மாறும் கட்டம் ஒன்று திரையில் உண்டு, அது பச்சையா சிவப்பா என்று மட்டும் சொல்லச் சொன்னாள். இருவருமாக ஒரு பகல் முழுவதும் மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்கள்.

சாயங்காலத்துக்குள் ஒரு விஷயம் பிடிபட்டது. பால் கணக்கு புரோகிராமை முதலில் திறந்துவிட்டு, பிறகு குரலைத் திறந்தால் பச்சை. குரல் முதலில் வந்தால் சிவப்பு. யார் முதலில் போகிறார்களோ, போர்ட் அவர்களுக்கு.

இரண்டாம் நாள் காலையில் அந்த வரிசைப்படியே திறந்தாள். அறுபது பேருக்கு அளவு மளமளவென்று பதிவானது. வீரபத்திரன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அறுபத்தோராவது ஆளுக்குக் கரண்ட் போனது. கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். உண்டு, மெஷினுக்கு இல்லை. கரண்ட் வந்து மெஷின் மறுபடி உயிர் பெற்றதும் பழையபடி சிவப்பு. வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. வீரபத்திரன் வெளியே போன செருப்புச் சத்தம் கஸ்தூரிக்கு நன்றாகக் கேட்டது.

அவளுக்கு வருத்தத்தை விட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. மெஷின் இப்போதுதான் விழித்தது. புரோகிராம் திறந்தே இருந்தது. அப்படியும் குரல் முந்திக்கொண்டது என்றால், அது சும்மா இல்லை, எதையோ தேடிக்கொண்டே இருக்கிறது. பேசுகிற சாஃப்ட்வேருக்குப் பால் மெஷினிடம் என்ன வேலை?

அந்தச் சாஃப்ட்வேர் தான் செய்வதையெல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கும். அது இருப்பது கஸ்தூரிக்குத் தெரியும், திறந்து பார்த்ததில்லை. ஆயிரக்கணக்கான வரிகள், எல்லாம் சுருக்கெழுத்து மாதிரி இங்கிலீஷ். மூன்றாம் நாள் பால் வண்டி போனதும் உட்கார்ந்தாள். குரலின் வேகத்தைக் குறைத்து, வரி வரியாக, சில இடங்களில் எழுத்து எழுத்தாகக் கேட்டாள். முனியம்மாள் வைத்துவிட்டுப் போன நாஷ்டா ஆறிப்போய் அப்படியே இருந்தது.

பதினோரு மணி வாக்கில் அந்த வரி வந்தது. நான்காம் போர்ட்டில் பிரெய்ல் கருவி இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றது. அடுத்த வரியிலும் அதே. அதற்கு அடுத்ததிலும்.

பிரெய்ல் கருவியை அவள் கல்லூரியில் ஒரே ஒரு முறை தொட்டிருக்கிறாள். திரையில் உள்ள எழுத்தை விரலுக்குக் கீழே புள்ளிகளாக எழுப்பிக் காட்டும். அதன் விலைக்கு இரண்டு கறவை மாடு வாங்கலாம். அவளிடம் அது இல்லை என்று சாஃப்ட்வேருக்குத் தெரியாது. ஏதாவது ஒயர் செருகப்பட்டால், அவளுடைய பிரெய்ல் கருவிதான் வந்துவிட்டதோ என்று ஓடிப்போய்ப் பார்க்கிறது. பால் மெஷினுக்குள் இருக்கும் யு.எஸ்.பி. சில்லும் சில பிரெய்ல் கருவிகளில் இருப்பதும் ஒரே வகை, ஒரே அடையாளம். ஆகவே அதைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்து நிற்கிறது.

கஸ்தூரி சிரித்துவிட்டாள். வாசலில் கேன் கழுவிக்கொண்டிருந்த முனியம்மாள் என்னவோ ஏதோ என்று உள்ளே வந்தாள்.

"இன்னாடி, தனியா சிரிச்சிக்கினு கீற?"

"பால் மெஷினை எனக்கு எழுத்துக் காட்ற மெஷினுன்னு நெனச்சிக்கினு கீதுக்கா இது. எனக்காகத்தான் போயி போயி அதும் கையப் புடிக்குது."

சரிசெய்ய அரை நிமிடம்கூட ஆகவில்லை. அமைப்புக்குள் போய், பிரெய்ல் கருவியைத் தானாகத் தேடு என்று இருந்ததை, வேண்டாம் என்று மாற்றினாள். பிறகுதான் நிதானமாகச் சோதித்தாள். குரலை முதலில் திறந்தாள். பச்சை. ஒயரைப் பிடுங்கிச் செருகினாள். பச்சை. மெயின் சுவிட்சையே அணைத்துப் போடச் சொன்னாள். முனியம்மாள் ஒவ்வொரு முறையும் பச்சை, பச்சை என்று சொல்லி, கடைசியில் அலுத்துப்போனாள். கஸ்தூரி இருபது முறை எண்ணிய பிறகே வீரபத்திரனைக் கூப்பிட்டாள்.

மாலைப் பால் ஒரு தடங்கலும் இல்லாமல் ஏறியது. நடுவில் ஒரு தடவை கரண்ட் போய் வந்தபோது வீரபத்திரன் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றாராம், முனியம்மாள் பிறகு சொன்னாள். எல்லாரும் போன பின் அவர் கஸ்தூரி பக்கத்தில் வந்து நின்றார்.

"உன்னைக் கம்ப்யூட்டர்லேர்ந்து எழுந்திருன்னு சொன்னேனே, அத மனசுல வெச்சிக்காதம்மா."

"வெச்சிக்கல அண்ணா. மூணு நாள் குடுத்தீங்களே."

பாஸ்கருக்கும் அவளே போன் செய்தாள். குறை சொல்லும் குரலில் இல்லை, பார்த்ததைப் பார்த்தபடி, முதல் படியிலிருந்து சொன்னாள். அவர் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பதிவேட்டைப் பார்க்கத் தனக்குத் தோன்றவே இல்லை என்று முடிவில் ஒப்புக்கொண்டார். அதைச் சொல்ல ஒரு மனது வேண்டும் என்று கஸ்தூரி இன்றைக்கும் அவரைப் பற்றி மரியாதையாகத்தான் பேசுவாள்.

இரண்டு மாதம் கழித்து அவர் போன் வந்தது. புள்ளலூர்ப் பக்கம் ஒரு ஊரில் எடை மெஷினும் பிரிண்டரும் ஒரே போர்ட்டுக்குச் சண்டை போடுகின்றன, இரண்டு நாளாகப் பிடிபடவில்லை, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். கஸ்தூரி முனியம்மாளை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். கறுப்புக் கண்ணாடியும் குச்சியுமாக இறங்கியவளைப் பார்த்து அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்குள் என்னமோ பேசிக்கொண்டார்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிறம் சொல்ல முனியம்மாளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, எல்லா ஒயரையும் கழற்ற ஆரம்பித்தாள். நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. மோர் கொடுத்தார்கள். மாலைப் பாலுக்கு நேரமாகிறது என்று பாதி மோரோடு எழுந்து, மூன்று மணி பஸ்ஸைப் பிடித்து ஊருக்குத் திரும்பினாள்.