நடுவரோடு சண்டை போடுகிறவள்

கல்லூரி வாலிபால் அணியில் நான் செட்டர், அவள் ஸ்மாஷ் அடிப்பவள். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் போவேன். அவள் வீடு கல்லூரிக்குப் பின்தெருவில். நான் தூக்கிக் கொடுக்கும் பந்தை அவள் அடித்தால் எதிரணிப் பெண்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். கைதட்டல் முழுக்க அவளுக்குத்தான். தூக்கிக் கொடுத்தவளை யார் பார்க்கப்போகிறார்கள்?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவளுடைய சண்டைக்குக் கிடைத்த மவுசைத்தான் பொறுக்க முடியவில்லை. கோட்டில் விழுந்த பந்தை நடுவர் வெளியே என்று சொல்லிவிட்டால், ஓடிப்போய் அவர் நிற்கும் மேடையைப் பிடித்து உலுக்குவாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள் என்பதால் வசவும் தெலுங்கில்தான் வரும். நடுவருக்கு அர்த்தம் தெரியாவிட்டாலும் சங்கதி விளங்கிவிடும். ஒருநாள் அவர் விசிலைப் பறித்து வீசிவிட்டாள். அந்த வருடம் முழுக்க ஆடக்கூடாது என்று தடை போட்டு, என்னைக் கேப்டன் ஆக்கினார்கள்.

நாங்கள் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனாலும் ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வருகிறவர்கள், "அந்தச் சண்டைக்காரப் பிள்ள எப்பம்மா வரும்?" என்றுதான் கேட்பார்கள். சிரித்து பதில் சொல்லிவிட்டு, பஸ்ஸில் யார் முகத்தையும் பார்க்காமல் வருவேன்.

தடை முடிந்து வந்தவளுக்கு முழங்கால் போய்விட்டது. அதோடு ஆட்டத்தை விட்டாள். எனக்குக் கல்யாணமாகி, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை வேலை கிடைத்தது. பிறகு எங்கள் கல்லூரியில் பயிற்சியாளர் தேவை என்றார்கள். இருவருமே விண்ணப்பித்தோம். பயிற்சிப் படிப்பில் என் மதிப்பெண்தான் அதிகம். ஆனால் நேர்காணல் முடிந்து அவள் வெளியே வந்தபோது உள்ளே எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வேலை அவளுக்குக் கிடைத்தது.

போன வருடம் போன் செய்தாள்.

"ஏட்டி, மேட்ச் இருக்குற அன்னைக்கு மட்டும் வந்து என்கூட இரி."

"உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது?"

"என்னையத்தான் பாதியில வெளிய அனுப்பிருதாங்களே. அப்பம் பிள்ளைகள யாரு பாப்பா? உனக்குத்தான் கோவமே வராதுல்லா."

கோபம் வராதாம்! ஆனாலும், "வாரேன்" என்றேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த ஆட்டத்தில் அவள் சொன்னபடியே ஆனது. கடைசி செட்டில் நடுவரிடம் கத்தியதற்காக அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். நான் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "எதிர்ல இடதுபக்கம் நிக்கிற பிள்ள பின்னால போகத் தயங்குது. அவ தலைக்கு மேல போடுங்க" என்றேன். அடுத்தடுத்து பந்துகள் அந்தப் பிள்ளைக்குப் பின்னால் விழுந்தன. ஜெயித்துவிட்டோம்.

பிள்ளைகள் என்னைத் தாண்டி வேலிக்கு ஓடினார்கள். கம்பிக்குள் கைவிட்டு அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் பந்துகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டேன்.

அவள் உள்ளே வந்ததும் என்னிடம்தான் முதலில் வந்தாள். "அந்தப் பிள்ள பின்னால போகாதுன்னு எப்படிட்டி கண்டுபிடிச்ச? நான் கவனிக்கவே இல்லையே."

"நீ நடுவரைல்லா பாத்துக்கிட்டு இருந்த."

வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கும் மனசு லேசானது. அதற்குள் ஒரு பெண் ஓடிவந்து போனை என் கையில் கொடுத்தாள். "மேடம், எங்களையும் அக்காவையும் ஒரு போட்டோ எடுங்க."

எடுத்தேன். அவள் முகம் வெகு அழகாக விழுந்திருந்தது.