காக்கைக்கு வாங்கிய துப்பாக்கி

ரங்கூன் லான்மடாப் பேட்டையில் என்னைக் காக்கை சுட்டவள் என்று சொல்வார்கள். சுட்டேன்தான். இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? ஏன் சுட்டாய் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. அதனால் கேட்காமலே சொல்கிறேன்.

என் கணவர் ரங்கூன் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ஒரு மழைக்காலக் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை குட்டி கிடையாது. அவருடைய அண்ணன் அதே துறைமுகத்தில் மேஸ்திரி, இரண்டு தெரு தள்ளித் தனியாகக் குடியிருந்தார். காரியம் முடிந்த கையோடு பேச்சை எடுத்தார்.

"ஒத்தப் பொம்பளைக்கு ரங்கூன்ல என்னம்மா வேலை? தை கழிஞ்சதும் நான் ஒரேயடியா ஊருக்குக் கப்பலேறுறேன். நீயும் வந்துரு. அங்க எம் பொஞ்சாதிக்கு அடுப்படியில ஒத்தாசையா இருந்துக்க."

அந்த அடுப்படியை எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அதில் கிடந்து வெந்திருக்கிறேன். அங்கே திரும்பிப் போனால் நான் சாகிற வரைக்கும் கரண்டியும் கையுமாக, யாராவது மிச்சம் வைத்ததைத் தின்றுகொண்டு கிடக்க வேண்டியதுதான்.

"நான் வடகம் போட்டுப் பிழைச்சுக்குவேன் அத்தான்" என்றேன்.

"வடகமா?" என்று சிரித்தார். "சரி, போடு. தை வரைக்கும் பாப்போம்."

பர்மாவில் அரிசிக்குப் பஞ்சமில்லை. மழை விட்டால் வெயிலுக்கும் பஞ்சமில்லை. விடியும் முன்னே கூழ் காய்ச்சி, கொல்லையில் பாய் விரித்து ஊற்றிவிட்டால் சாயங்காலத்துக்குள் சுக்காகக் காய்ந்துவிடும். மில் தொழிலாளிகளின் சாப்பாட்டுக் கடைகளுக்குச் சாமான் கொடுக்கும் பாய் ஒருவர் என் வடகத்தை வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, காக்கைகளைத் தவிர.

அந்தக் காக்கைகளைப் பழக்கியதே அத்தான்தான். தம்பி வாழ்ந்த இடம் இது என்று அமாவாசைதோறும் என் கொல்லையில் இலை போட்டுச் சோறு வைத்து, கா கா என்று கூப்பிடுவார். காக்கை வந்து கொத்தினால் செத்தவர் வந்து சாப்பிட்டதாக அர்த்தம். அதற்குப் பிறகுதான் வீட்டில் மனிதர்கள் சாப்பிடலாம். காக்கைக்கு அமாவாசை தெரியுமா, பௌர்ணமி தெரியுமா? தினமும் வர ஆரம்பித்தன. சோறு இல்லையென்றால் என்ன, வடகம் இருந்ததே. தின்றது கொஞ்சம்தான். மிதித்ததும் கொத்திப் போட்டதும் எச்சமிட்டதும்தான் அதிகம்.

கறுப்புத் துணி கட்டினேன். தகர டப்பா தொங்கவிட்டேன். கல்லெறிந்ததில் பக்கத்து வீட்டுப் பர்மாக்காரியின் தண்ணீர்ப் பானை உடைந்ததுதான் மிச்சம்.

கடைசியில் பாய் என் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளினார். "தங்கச்சி, காக்கா கொத்துனத நான் யாருக்கு விப்பேன்? இன்னொரு தடவ இப்படி வந்தா வேற ஆளப் பாத்துக்குவேன். கோவிச்சுக்காத."

அவரை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை. அவர் வேண்டாம் என்றால் கப்பல்தான்.

மறுநாள், இனிப் போடக்கூடாது என்று என் காதிலிருந்து கழற்றிய தோட்டை விற்றேன். கியாக்டடாவில் வெள்ளைக்காரர்கள் வேட்டைச் சாமான் வாங்கும் கடைக்கு நடந்தேன். கோட்டு போட்ட தமிழ்ப் பையன் ஒருவன் விற்பனைக்கு நின்றிருந்தான்.

"காத்துத் துப்பாக்கி வேணும், காக்கா சுட."

அவன் என் வெள்ளைச் சேலையைக் கவனிக்கவே இல்லை. "வீட்டுக்காரரை அனுப்புங்கம்மா" என்றான்.

"அவரை அனுப்பியாச்சு. அதனாலதான் நானே வந்தேன்."

அப்போதுதான் அவன் என் சேலையைப் பார்த்தான். முதலில் பிள்ளைகள் விளையாடும் ஒன்றை எடுத்து வைத்தான். அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அடுத்தது அடியில் நெம்புகோல் வைத்த பெரியது. தோளில் வைத்தேன், முனை அம்மி கட்டித் தொங்கவிட்ட மாதிரி தரையைப் பார்த்தது. அது நல்ல சாமான், இருபது முப்பது கஜத்தில் முயலே விழும் என்றான். முயல் யாருக்கு வேண்டும்? என் கொல்லை பத்தடி. அதற்கப்பால் பர்மாக்காரியின் மூங்கில் தட்டிச் சுவர். குறி தப்பினால் குண்டு அவள் அடுப்படியில் போய் விழும். பானையை உடைத்தது போதாதா?

நடுத்தரமான ஒன்று இருந்தது. குழலையே கீழே மடக்கி, ஈயக் குண்டைப் போட்டு நிமிர்த்த வேண்டும். அதில் மெல்லிய குண்டு போடுவது ஒன்று, தடித்த குண்டு போடுவது ஒன்று. மெல்லிய குண்டுக்காரியை எடுத்துக்கொண்டேன். மடக்கிப் பார்த்தேன், மறுபடி மடக்கினேன், கை நோகும் வரை மடக்கினேன். வாங்கிய பிறகு முடியவில்லை என்றால் யாரிடம் போய் நிற்பது? கடையில் இருந்த துரைகள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வீட்டில் பால் டப்பாவை வைத்துப் பழகினேன். துப்பாக்கியை எடுத்தால் பர்மாக்காரி ஜன்னலைச் சாத்துவாள், வைத்தால் திறப்பாள். உயிரைக் கொல்வது அவள் மதத்தில் பெரும்பாவம்.

என் மதத்திலும் பாவம்தான். அடுப்படிக் கதவில் குழலைச் சாய்த்து முதல் காக்கையைக் குறி வைத்தபோது அது தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. ஒருவேளை அவராகவே இருந்தால் என்று நெஞ்சு ஒரு முறை அடித்துக்கொண்டது. பொய் சொல்ல மாட்டேன், அழுகை வந்தது. பிறகு அது வடகத்தை மிதித்தது. சுட்டேன்.

செத்ததை ஒரு கழியில் கட்டித் தொங்கவிட்டேன். தெருவையே தூக்கிக்கொண்டு போவது போல மற்றவை கத்திவிட்டு, கூட்டத்தோடு இரண்டு தெரு தள்ளி அத்தான் வீட்டுத் தகரக் கூரையில் போய் உட்கார்ந்தன. அந்த வாரம் பாய் மூட்டையைப் பிரித்துப் பார்த்து, ஒன்றைக்கூடத் தள்ளாமல் எடுத்துக்கொண்டார்.

தை அமாவாசை வந்தது. அத்தான் குளித்து, சோற்று இலையோடு என் கொல்லைக்கு வந்து கூப்பிட்டார். ஒரு காக்கையும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். அப்போதுதான் கழியைப் பார்த்தார்.

"அடிப்பாவி. புருஷனையே சுட்டுட்டியே."

"அவர் இருந்த காலத்துல கேக்காம என் வடகத்துல ஒண்ண எடுத்ததில்ல அத்தான். இது அவர் இல்ல."

"பசியோட நிக்கிறான் என் தம்பி. கப்பலுக்குச் சொல்லியாச்சு, மூட்டையைக் கட்டு. நீ இங்க இருந்தது போதும்."

நான் அவர் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினேன்.

"உங்க தம்பி உங்க வீட்டுக் கூரையிலதான் இருக்காரு. இலையை அங்க கொண்டுபோய் வைங்க. அவருக்கு ஊருக்குப் போகணும்னா கூட்டிட்டுப் போங்க. நான் வரல."

அவர் இலையை எடுத்துக்கொண்டு திரும்பினார். கொஞ்சம் நில்லுங்கள் என்றேன். உள்ளே போய், பொரித்து வைத்திருந்த வடகத்தில் இரண்டை எடுத்து வந்து இலையில் வைத்தேன்.

"அவருக்குப் பிடிக்கும்" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு தெருவுக்கு அப்பால் காக்கைகளின் சத்தம் கேட்டது. நான் இலை போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.