இரண்டு முத்திரை

ஆட்சி மாறிய அன்று இஸ்திரியக்காவின் கவலையெல்லாம் ஒரு கசங்கிய தாளைப் பற்றியது. அது அவள் மகளின் நர்ஸ் பயிற்சிக்கான விண்ணப்பம். மாலை நான்கு மணியோடு கெடு முடிகிறது.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பதினாறு வருடமாகத் துணி தேய்ப்பவள் அவள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூட மாட்டாள். அடுக்கடுக்காக வரும் நர்சுகளின் வெள்ளை உடுப்பில் ஒன்றாவது தன் மகளுடையதாக இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய ஒரே ஆள் அந்த மகள்தான்.

மதியம் சலவைக்கூடமே ரேடியோவைச் சுற்றிக் கூடியிருந்தது. யாரோ கனத்த குரலில் ஏதோ அறிவித்துக்கொண்டிருந்தார். அந்த மூலையில் இருப்பது ஒரே ஒரு பிளக். இஸ்திரியக்கா ரேடியோவைப் பிடுங்கிவிட்டு இஸ்திரிப் பெட்டியைச் சொருகினாள்.

"அக்கா, முக்கியமான செய்தி ஓடுது."

"அது ராத்திரியும் ஓடும். இது நாலு மணியோட சரி."

விண்ணப்பத்தின் மேல் ஒரு துணியைப் போட்டு, இளஞ்சூட்டில் தேய்த்து, உறையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

பஸ் ஒன்றும் ஓடவில்லை. தெரு முழுக்கக் கூட்டம், கொடி, கூச்சல். ஏதோ ஊர்வலம், இவர்களுக்கு வேறு வேலையே கிடையாது என்று திட்டிக்கொண்டே முழங்கையால் வழி செய்துகொண்டு போனாள். முச்சந்தியில் துப்பாக்கியோடு நின்ற சிப்பாய் மறித்தான்.

"எங்கம்மா போறீங்க?"

உறையைக் காட்டி, விண்ணப்பம் வாங்கும் ஆபீசுக்கு என்றாள்.

"இனிமே அந்த ஆபீசெல்லாம் கிடையாது. வீட்டுக்குப் போங்க."

"ஆபீஸ் இல்லேன்னு ஆபீஸ்ல சொல்லட்டும் தம்பி. நீ நகரு."

அவன் நகர்ந்தான். ஏன் நகர்ந்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

ஆபீசில் ஈ காக்கை இல்லை. ஒரே ஒரு குமாஸ்தா மட்டும் மேஜை டிராயரைப் பூட்டிக்கொண்டிருந்தார். மணி மூன்று ஐம்பது.

"நாளைக்கு வாங்கம்மா."

"நாளைக்குக் கெடு இல்ல சார்."

குமாஸ்தா கையைப் பிசைந்தார். டிராயரிலிருந்து இரண்டு முத்திரைகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இது பழசு. இது புது ஆட்சியோடது, இன்னிக்குக் காலையில பார்சல்ல வந்துச்சு. எப்பலேருந்து குத்தணும்னு உத்தரவு வரல. பெரிய ஆபீசரும் ஓடிட்டாரு. தப்பானதைக் குத்தினா என் வேலை போயிடும்மா."

தன் மகள் படிப்பதற்கும் இந்த ரப்பர் கட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டையும் குத்துங்க. எது சரியோ அது இருந்துட்டுப் போகட்டும்."

குமாஸ்தா அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். விண்ணப்பத்தில் இரண்டு, ரசீதில் இரண்டு என்று குத்திவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பிவிட்டார்.

பிறகு பழைய முத்திரை செல்லாது என்றார்கள். உத்தரவுக்கு முன் குத்திய புது முத்திரையும் செல்லாது என்றார்கள். இரண்டும் இருந்த தாளைத் தள்ளிவிட மட்டும் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. மகளுக்கு இடம் கிடைத்தது.

இருபது வருடம் கழித்து, ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு பெண் வீடு தேடி வந்தாள். இரண்டு முத்திரையும் சேர்ந்து விழுந்தது நாட்டிலேயே இவளுடைய தாள்களில் மட்டும்தானாம். விண்ணப்பம் அவர்களிடம் இருக்கிறது, ரசீதையும் கண்ணாடிக்குள் வைக்க வேண்டுமாம்.

"சரித்திரமே மாறின நேரம்மா அது. நீங்க என்ன நினைச்சீங்க?"

"மை காயணுமேன்னு நினைச்சேன். ஈரத்தோட மடிச்சா அப்பிக்கும்."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு என்ன மாறுச்சுன்னாவது உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

உள்ளேயிருந்து மகள் வெள்ளை உடுப்பில் வந்து, "டூட்டிக்கு நேரமாச்சும்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

"அதோ போகுது பாருங்க" என்றாள் இஸ்திரியக்கா.

அந்த உடுப்பை அன்று காலையிலும் அவள்தான் தேய்த்திருந்தாள்.