டோஹாவில் இறங்காத பார்சல்கள்

புதன், காலை 5.40. கல்முனை.

சுபஹுத் தொழுகை முடிந்து ஆண்கள் பள்ளியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டு வாசலில் விமான நிலையத்துக்குப் போகும் வான் வண்டி நின்றது. வானுக்கும் வாசலுக்கும் நடுவே பாதித் தெரு நின்றது. வழியனுப்ப வந்தவர்கள் என்று நினைத்தால் உங்களுக்கு எங்கள் ஊரைத் தெரியாது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பார்சல்.

குற்றம் என்னுடையதுதான். பிளேன் டோஹாவில் இரண்டரை மணித்தியாலம் நின்று போகும் என்று ஒரு கிழமையாகப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். எங்கள் தெருவில் வீட்டுக்கொரு பிள்ளை கட்டாரிலோ சவூதியிலோ வேலை செய்கிறது. அந்தப் பக்கம் போகிற யாரும் பார்சலை வேண்டாம் என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

"மகள், றிஸ்வான் வாசல்ல வந்து நிப்பான். நீ இறங்கி இந்தப் போத்தலக் குடுத்துட்டுத் திரும்ப ஏறு" என்றா பக்கத்து வீட்டு ஹாஜறா மாமி. "கொழும்பு பஸ்ல ரைவர்ட்ட குடுத்து உடுறதில்லையா, அப்பிடித்தான்."

சிவப்பு மூடி போட்ட பெரிய பிளாஸ்ரிக் போத்தல். உள்ளே மாசிக் கருவாட்டுச் சம்பல். வெளியே கறுப்பு மையால் 'றிஸ்வான்' என்று மாமியே எழுதியிருந்தா. எனக்கும் அவ சொன்னது நியாயமாகத்தான் பட்டது. பிளேனில் ஏறிய ஆட்கள் எல்லாம் கட்டாரில் இருந்தார்கள். அன்று தெருவில் நின்ற ஒருவரும் ஏறியதில்லை, என்னையும் சேர்த்து. மொத்தம் ஏழு பார்சல். தயிர்ச் சட்டியோடு வந்த ஒருவரை மட்டும் வாப்பா கையெடுத்துக் கும்பிடாத குறையாகத் திருப்பி அனுப்பினார்.

நாங்கள் மூன்று பேர், பல்கலைக்கழக இறுதி வருட மாணவிகள். தர்ஷினி காரைதீவு, அவளுடைய அப்பா வெள்ளாண்மை செய்கிறவர். முபீதா ஒலுவில், அவளுடைய வாப்பாவின் போட் துறைமுகத்தில் நிற்கிறது. நான் சிபானா. எங்கள் வீட்டில் வயலும் இல்லை, போட்டும் இல்லை, வாய் மட்டும் உண்டு.

வயல் வரம்பில் தண்ணீர் விடுவதற்கு வெட்டி வைக்கும் வாயை வக்கடை என்போம். சென்ற மாரியில் கொட்டும் மழைக்குள் வக்கடை கட்டப் போய், வழுக்கி விழுந்து, தர்ஷினியின் அப்பா காலை முறித்துக்கொண்டார். அந்தக் கோபத்தில் அவள் தொடங்கியதுதான் எங்கள் பொறி. வயலில் தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கும், வக்கடைக் கதவு திறக்கும். நிறைந்தால் மிதவை ஏறும், கதவு மூடும், வீட்டிலிருக்கிறவரின் போனுக்கு ஒரு செய்தி போகும். நெதர்லாந்தில் நடக்கும் மாணவர் போட்டி ஒன்றுக்கு அதைத் தெரிவு செய்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு எங்கள் முறை. பதினைந்து நிமிடம், ஒரே ஒரு தடவை. வென்றால் காரைதீவு வட்டையில், அதாவது வயல்வெளியில், பத்து வக்கடைகளுக்கு உண்மையான பொறி, மாரி வெள்ளாண்மைக்கு முன்பே.

"ஓடாட்டியும் பரவாயில்ல, போயிட்டு வாங்க பிள்ளையள்" என்று ஊன்றுகோலோடு வந்து நின்று சொன்னார் அவளுடைய அப்பா.

"ஓடும்" என்றாள் தர்ஷினி. அவ்வளவுதான் அவள் கதைத்தது.

புதன், பிற்பகல் 3.15. நீர்கொழும்பு.

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு நாற்பது கிலோமீற்றர். பிறகு பொலன்னறுவை, ஹபறண, குருநாகல். மொத்தம் முந்நூற்றைம்பதுக்கு மேல். ஹபறணயில் ஒரு பிளேன்ரி, அதாவது வெறுந்தேநீர், அறுபது ரூபா. சீனியைக் குறைத்துவிட்டுத் தண்ணீரைக் கூட்டியிருந்தார்கள். வான் ஓட்டிய சலீம் காக்கா (அண்ணனை நாங்கள் காக்கா என்போம்) வழி நெடுக எங்கள் பெட்டிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார். "டோஹா சனத்துக்கு இந்தக் கிழமை சமையல் வேலை இல்ல" என்றார். இரவு தங்க வேண்டிய நீர்கொழும்பு வீட்டு வாசலில் எங்களை இறக்கிவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே சீற்றுக்கு அடியிலிருந்து ஒரு பொதியை எடுத்தார். "மச்சானுக்கு. சின்னச் சாமான்தான்."

எட்டாவது பார்சல்.

வியாழன், காலை 8.00. கட்டுநாயக்க விமான நிலையம்.

ஒரு பெட்டி முப்பது கிலோ. பொறி இருந்த பெட்டி முப்பத்து நான்கு காட்டியது. எங்கள் உடுப்புகளை வெளியே எடுத்தோம். முபீதா மூன்று சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, அதற்கு மேல் அபாயாவும் போட்டு, மூச்சு வாங்க நின்றாள். பார்சல்களில் கை வைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் தராசு சம்மதித்தது.

மேசையில் இருந்த பெண் பெட்டிக்குச் சீட்டு ஒட்டினாள். டோஹாவில் பெட்டியை எங்கே எடுக்கலாம் என்று கேட்டேன். டோஹாவில் எடுக்க முடியாது, ஆம்ஸ்டர்டாமில்தான் என்றாள். நாங்கள் இறங்கி வெளியே போகலாமா? போக முடியாது. பெட்டி பெல்ட்டில் நகர்ந்து, ரப்பர் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டது. எட்டு வீட்டுப் பார்சலும் அதோடு போயிற்று.

"யா அல்லாஹ்" என்றேன்.

"உன்ட வாய்தான்கா" என்றாள் தர்ஷினி.

வியாழன், பிற்பகல் 12.50. டோஹா.

ஐந்து மணித்தியாலப் பறப்பு. ஜன்னலோரம் எனக்குக் கிடைத்தும் முகில்களை அனுபவிக்க முடியவில்லை. பிளேன் ஒருமுறை குலுங்கியபோது தர்ஷினி முருகா என்றாள், நான் கலிமாச் சொன்னேன். முபீதா பணிஸில் பட்டர் பூசிக்கொண்டே, "கச்சான் காத்துக்குள்ள எங்கட வாப்பாட போட் இதவிட ஆடும்" என்றாள்.

இறங்கி வைஃபை கிடைத்ததும் என் போன் கத்தத் தொடங்கியது. பதினொரு தவறிய அழைப்பு. பன்னிரண்டாவதை எடுத்தேன்.

"தங்கச்சி, றிஸ்வான் கதைக்கிறன். வெளிய வந்து நிக்கிறன். எந்த வாசலால வாறீங்க?"

"காக்கா... எங்கள வெளிய உட மாட்டாங்களாம். பெட்டியும் நேர ஆம்ஸ்டர்டாமுக்குப் போகுதாம். எனக்குத் தெரியாமப் போயிட்டு, காக்கா."

அவருக்குப் பின்னால் கார்களின் சத்தம் கேட்டது.

"அரை நாள் லீவு போட்டுட்டு வந்தன்" என்றார். பிறகு அவரே சிரித்தார். "சரி, என்ன செய்யிற. உம்மாட்டக் கிடைச்சிட்டு எண்டு சொல்றன். நீங்களும் அப்பிடியே சொல்லுங்க. இல்லாட்டி அவ அழுவா."

மூன்று வருடமாக ஊருக்கு வராத மனிதர். கூப்பிடு தூரத்தில் வெயிலுக்குள் நிற்கிறார். நான் குளிருக்குள் நிற்கிறேன். எனக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. அந்த விமான நிலையத்தின் அழகைப் பற்றி ஆட்கள் நிறையச் சொல்வார்கள். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

வியாழன், மாலை 9.30. ஆம்ஸ்டர்டாம்.

மாலை என்று எழுதியது பிழையில்லை. ஒன்பதரைக்கும் வெயில் அடித்தது. மஹ்ரிப் தொழுகைக்கு இன்னும் அரை மணித்தியாலம் கிடந்தது. போட்டி நடக்கும் டெல்ஃப்ட் நகரத்துக்கு ரயிலில் முக்கால் மணித்தியாலம். வழியில் தர்ஷினி திடீரென்று எழும்பி நின்றுவிட்டாள். "அங்க பாருங்க! வாய்க்கால் மேல ஓடுது, வயல் கீழ கிடக்கு! மோட்டர் நிண்டா இவங்கட கதை முடிஞ்சுது." அவள் இரண்டு நாளில் கதைத்த மிக நீளமான கதை அதுதான்.

டெல்ஃப்டில் இறங்கியதும் ஒரு கட்டடத்துப் பலகையை முபீதா எழுத்துக்கூட்டி வாசித்தாள். கந்தோர் என்று வந்தது, ஊரில் அலுவலகத்துக்கு நாங்கள் சொல்லும் அதே சொல். ஒரு காலத்தில் எங்களை ஆண்டு, இந்தச் சொல்லை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனவர்களின் ஊருக்கே வந்து சேர்ந்துவிட்டோம் என்று சிரித்தோம். அன்றைய கடைசிச் சிரிப்பு அது.

வெள்ளி, காலை 7.00. டெல்ஃப்ட்.

விடுதி அறையில் பொறிப் பெட்டியைத் திறந்தோம். கதவு இருந்தது, மோட்டர் இருந்தது, கம்பிக் கை இருந்தது. மிதவையைக் காணவில்லை. அது இருக்க வேண்டிய குழிக்குள் அளவாக ஒரு தொதல் இனிப்புப் பார்சல் செருகியிருந்தது.

மிதவை என்பது ஒரு வெள்ளைப் போத்தல்தான். மூடியை இறுக்கி, சரியான பாரம் போட்டு, ஆறு மாதம் பரிசோதித்த போத்தல். வீட்டுக்கு அழைத்தேன். அங்கே பத்தரை மணி.

"உம்மா, பெட்டிக்குள்ள இருந்த வெள்ளப் போத்தல் எங்க?"

"அதுவா? உள்ளுக்குள்ள ரெண்டு மூணு கல்லுத்தான் கிடந்திச்சி. எறிஞ்சிட்டு, கழுவி வெந்தயம் போட்டு வெச்சிரிக்கன். நல்ல இறுக்கமான மூடி. காலிப் போத்தலக் கட்டிக்கிட்டு ஆராவது வெளிநாட்டுக்குப் போவாங்களா மகள்?"

நான் கத்திய கத்தலுக்குப் பக்கத்து அறையில் கதவு திறந்தது. முபீதா போனைப் பறித்து, "ஒண்டுமில்ல மாமி, சும்மா கேட்டம்" என்று சொல்லி வைத்தாள்.

தர்ஷினி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. ஒன்பது மணிக்குப் பொறியைப் பூட்டி முடித்திருக்க வேண்டும். அதற்கு முன்பு கடை ஒன்றும் திறக்காது. எட்டுப் பார்சலையும் கட்டிலில் கொட்டினோம். ஏழு பொலித்தீன் பொதி. ஒரே ஒரு போத்தல், சிவப்பு மூடி.

ஆளுடைய பார்சலை அவரைக் கேட்காமல் உடைப்பது எங்கள் பழக்கமில்லை. டோஹாவில் எட்டு மணி. வெள்ளிக்கிழமை, லீவு நாள். றிஸ்வான் காக்காவுக்கு அழைத்தேன்; நித்திரைக் குரலில் எடுத்தார். நடந்ததை ஒரே மூச்சில் சொன்னேன்.

"போத்தல எடுங்க தங்கச்சி, கேக்கவா வேணும்" என்றார் றிஸ்வான் காக்கா. "ஆனா சம்பலக் கொட்டிராதீங்க. மூணு பேரும் சாப்பிட்டுட்டு எப்பிடி இரிக்கி எண்டு எனக்குச் சொல்லணும்."

விடுதியின் பாண் ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டோம். போன் ஸ்பீக்கரில் கிடந்தது.

"உறைப்புக் கூட, காக்கா."

"ஓம், உம்மாட கை அப்பிடித்தான். உப்பு?"

"சரியா இரிக்கி."

"மாசி நல்லா இடிபட்டிரிக்கா, பெரிசு பெரிசாக் கிடக்கா?"

"இடிபட்டிரிக்கி காக்கா."

"அப்ப சரி" என்றார்.

காலிப் போத்தலைப் பூட்டினால் பாரம் போதவில்லை. தண்ணீர் இறங்கியும் கம்பிக் கையை அது இழுக்க மறுத்தது. தர்ஷினி எழுந்து வந்தாள். மிச்சமிருந்த சம்பலை ஒவ்வொரு கரண்டியாகப் போத்தலுக்குள் திருப்பிப் போட்டாள். நாலாவது கரண்டியில் கம்பிக் கை அசைந்தது. முபீதா வலைக்கு மிதப்புக் கட்டுகிற ஒலுவில் முடிச்சைப் போட்டு இறுக்கினாள். "எங்கட வாப்பாட முடிச்சு. கடலே அவிழ்க்காது" என்றாள்.

வெள்ளி, காலை 11.00.

நடுவர்கள் மூன்று பேர். நடுவில் நின்றவர் ரப்பர் சப்பாத்துப் போட்ட உயரமான பெண். பொறி தொடங்கிய பிறகு கை வைத்தால் போட்டியிலிருந்து வெளியே. பலகையால் செய்த மாதிரி வயலிலிருந்து தண்ணீர் வடியத் தொடங்கியது. சிவப்பு மூடி மெல்ல இறங்கியது. பாதியில் நின்றது.

கதவு அசையவில்லை. ஒரு நிமிடம் போயிற்று. தர்ஷினி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி நின்றாள். நான் ஓதாத ஓதல் இல்லை. நடுவர் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

டக்.

கதவு திறந்தது. தண்ணீர் பாய்ந்தது. போத்தல் ஒரு சுற்றுச் சுற்றி, ஆடி ஆடி மேலே ஏறியது. கதவு மூடியது. தர்ஷினியின் போன் கிணுகிணுத்தது: வயல் நிறைந்துவிட்டது.

"மூடிட்டு! மூடிட்டுகா!" என்று அவள் போட்ட சத்தத்தில் அந்த மண்டபமே திரும்பிப் பார்த்தது.

ரப்பர் சப்பாத்துக்காரி குனிந்து, போத்தலில் இருந்த எழுத்தைக் காட்டி என்ன என்று கேட்டா. முபீதா யோசிக்காமல் "றிஸ்வான்" என்றாள். அவ தலையாட்டி எழுதிக்கொண்டா. எங்கள் பொறிக்கு அரை வரி நீளத்தில் ஒரு பெயர் விண்ணப்பத்தில் இருந்தது. அதை யாரும் அதற்குப் பிறகு கேட்கவேயில்லை.

நாலரை மணிக்கு முடிவு சொன்னார்கள். மூன்றாமிடம், இரண்டாமிடம், பிறகு மேடைத் திரையில் பெரிய எழுத்தில்: றிஸ்வான், இலங்கை. நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கத்தினோம். அழுதோம். திரும்பவும் கத்தினோம்.

தர்ஷினி முதலில் வீட்டுக்கு எடுத்தாள். "அப்பா, பத்து" என்றாள். "பத்தோ?" என்றார் அவர்.

நான் டோஹாவுக்கு எடுத்தேன். "காக்கா, நீங்க ஜெயிச்சிட்டீங்க."

மற்ற ஏழு பேரிடமும் போனிலேயே சம்மதம் கேட்டோம். அன்றைய விருந்தில் ஆறு நாட்டுப் பிள்ளைகள் கல்முனைத் தொதல் தின்றார்கள். அங்கே ஒரு கோப்பைக் கோப்பி நாலு யூரோ; எங்கள் தொதல் இலவசம்.

அடுத்த வியாழன். கல்முனை.

றிஸ்வான் காக்காவின் பொய்யைக் காப்பாற்றுவேன் என்றுதான் வந்தேன். ஆனால் ஹாஜறா மாமி பரிசைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அவன் இளைச்சா இரிக்கான்? வாசல்ல எவ்வளவு நேரம் நிண்டான்?" என்று கேட்டா. எனக்குப் பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். திரையில் அவர் பெயர் நின்ற படத்தைக் காட்டினேன். மாமி முந்தானையால் போனைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தா.

"அப்ப எண்ட சம்பல்தான் வக்கடையத் திறந்ததா?" என்றா. கண்ணீரோடு சிரித்தா. "எண்ட புள்ளட பேரை அவ்வளவு பெரிசா எழுதினாங்களா?"

அந்தக் கதை அஸர் தொழுகைக்கு முன்பே தெருக் கோடிக்குப் போய்விட்டது. மறுநாள் காலை வாசலில் பாதித் தெரு நின்றது. போன கிழமை பார்சலோடு நின்ற அதே ஆட்கள். இம்முறை ஒவ்வொருவர் கையிலும் கழுவிக் காயவைத்த காலிப் போத்தல், அதில் ஒவ்வொரு பிள்ளையின் பெயர். தயிர்ச் சட்டிக்காரரும் வந்திருந்தார்; சலீம் காக்காவும் மச்சானின் பெயரோடு நின்றார். வட்டைக்குப் பத்து மிதவை வேண்டும். றிஸ்வானோடு எண்ணினால் ஒன்பது வந்திருந்தது.

பத்தாவதை உம்மா குசினியிலிருந்து கொண்டுவந்தா. வெள்ளைப் போத்தல். வெந்தயத்தை வேறு பாத்திரத்தில் கொட்டியிருந்தா. வாசம் மட்டும் போகவில்லை. அதில் 'சிபானா' என்று எழுதியிருந்தது.