மோதிரம் வெளுத்த கதை

போன செவ்வாய்க்கிழமை பல் டாக்டரிடம் போயிருந்தேன். செம்பாக்கத்தில் எங்கள் தெருமுனையிலேயே புதிதாகக் கிளினிக் திறந்திருக்கிறார் ஒரு பெண். சின்ன வயசுதான். வாயைத் திறக்கச் சொல்லி, லைட்டைத் திருப்பி, உள்ளே எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மேடம், கடைவாய்ப் பல்லுல சில்வர் ஃபில்லிங் இருக்கே... எப்போ போட்டது?"

வாயில் கண்ணாடியை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டால் எப்படிப் பதில் சொல்வது? ஐந்து விரலைக் காட்டினேன்.

"அஞ்சு வருஷமா?"

இல்லை என்று தலையாட்டினேன். ஐம்பது என்று அவருக்குப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"இதுல பாதி பாதரசம் மேடம். நான் புதுசா யாருக்கும் போடறதே இல்ல. உலகம் பூரா இதை நிறுத்திக்கிட்டு வர்றாங்க. எல்லா நாடும் உட்கார்ந்து பேசி ஒத்துக்கிட்டாங்க, தெரியுமா?"

தெரியுமாவா? எனக்கு விசில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. வாயில் பஞ்சு இருந்ததால் அவர் தப்பித்தார்.

உங்களிடம் இதுவரை சொன்னதில்லை... எழுத வருவதற்கு முன்னால் நான் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தவள். எழுபதுகளின் தொடக்கம். மேற்குத் தாம்பரத்தில், மாடியில் ஒரே ஒரு அறை. பி.யு.சி.யோடு படிப்பு நின்றுபோன எனக்கு ஒரு வெள்ளைக் கோட்டு, 'சிஸ்டர்' என்று கூப்பிட நாலு பேர். அந்த வேலை எனக்கு உயிர்.

டாக்டர் தங்கமான மனிதர். காலையில் வந்ததும் தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றி மேஜை டிராயரில் போடுவார். கிளம்பும்போது மறக்காமல் மாட்டிக்கொள்வார். சுத்தத்துக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பல் அடைக்கும் மருந்தைக் கலக்க எங்களிடம் மெஷின் கிடையாது. என் உள்ளங்கைதான் மெஷின். வெள்ளிப் பொடியில் பாதரசத்தை விட்டு, குட்டிக் கல்வத்தில் அரைத்து, வெறும் உள்ளங்கையில் கொட்டிக் கட்டைவிரலால் தேய்க்க வேண்டும். பதம் வந்ததும் துணியில் வைத்துப் பிழிந்தால், மிச்சப் பாதரசம் முத்து முத்தாகச் சொட்டும். தரையில் விழுந்து உருண்டு ஓடும். எனக்கு அது ஒரு வேடிக்கை. கையைக் கழுவிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவேன்.

இப்படியே இரண்டு வருஷம். அப்புறம் எனக்குக் கல்யாணம் ஆகி, இரும்புலியூருக்கு வாழ வந்தேன். வேலையை மட்டும் விடவில்லை.

என் கல்யாண மோதிரம், அத்தை தன் சங்கிலியை உருக்கிச் செய்து கொடுத்தது. அத்தை என்றால் என் மாமியார். ஸ்கூலில் ஹெட்மிஸ்ட்ரஸ்... வீட்டிலும்தான். கோயிலில், அதாவது சர்ச்சில், பாதிரியார் ஐயர் முன்னால் போட்ட மோதிரத்தைக் கழற்றக்கூடாது என்பது எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் எழுதாத சட்டம். குளிக்கும்போதும் கழற்ற மாட்டோம். நான் வேலையிலும் கழற்றவில்லை.

மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கறிக்குழம்பு ஊற்ற நீட்டிய என் கையை அத்தை பிடித்துக்கொண்டார்.

"இது யார் மோதிரம்?"

"நீங்க குடுத்ததுதான் அத்தை."

"நான் குடுத்தது தங்கம். இது வெள்ளி."

பார்த்தேன். உள்ளங்கைப் பக்கம் மோதிரம் வெள்ளை வெளேரென்று இருந்தது. என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். மாற்றிவிட்டாயா என்று அத்தை வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் சாயங்காலம் என்னை பஜாருக்கு, ஆசாரி கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். ஆசாரிக்கும் என் வயசுதான் இருக்கும். மோதிரத்தை ஒரு திருப்புத் திருப்பிப் பார்த்தார்.

"மோதிரம் அதேதாம்மா. பாதரசம் புடிச்சிகினு கீது. சுட்டா போய்டும். ஆனா இங்க வெச்சு சுட மாட்டேன், அந்தப் புகை ஆளைத் தின்னுடும். ரெண்டு பேரும் தெருவுல போய் நில்லுங்க."

கும்மட்டி அடுப்பைத் தூக்கிக்கொண்டு பின்பக்க வெட்டவெளிக்குப் போனார். அரை மணியில் மோதிரம் மஞ்சளாகத் திரும்பி வந்தது. "பாதரசத்தை இன்னாத்துக்கு தொட்டீங்கோ?" என்று கேட்டார். தினமும் உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கிறேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்.

திரும்பும்போது அத்தை என் கையை விடவே இல்லை. ரயில்வே கேட் அருகே நின்று சொன்னார்: "உன்னைத் தப்பா நெனச்சிட்டேன். மனசுல வெச்சுக்காத. நாளையிலேர்ந்து அந்த வேலைக்குப் போகாத."

மன்னிப்பு இனித்தது. மற்றது? "நான் ஏன் அத்தை போகணும்? பாதரசம் போகட்டும்," என்றேன். எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ.

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, "சரி, நானும் வரேன்," என்றார்.

மறுநாள் காலை டாக்டர் முன்னால் உட்கார்ந்து, அத்தை என் மோதிரக் கதையைச் சொன்னார். டாக்டர் சிரித்தார். "நானும் இருபது வருஷமா கையாலதான் கலந்தேன். எனக்கு ஒண்ணும் ஆகலையேம்மா."

அத்தை அவர் விரலைப் பார்த்தார். "உங்க மோதிரம் எங்க டாக்டர்?"

சிரிப்பு நின்றுவிட்டது. டிராயரைத் திறந்து காட்டினார். ஆக, அவருக்குத் தெரியும்! எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "ஏன் சார் என்கிட்ட சொல்லல?"

"கோயில்ல போட்ட மோதிரம்... கல்யாணமான பொண்ணுகிட்ட அதைக் கழட்டுன்னு எப்படிம்மா சொல்றது? தப்பா நெனச்சுக்குவியோன்னு..."

பாருங்கள், மரியாதை எங்கெல்லாம் வந்து வழிமறிக்கிறது.

அத்தை எழுந்தார். "மோதிரத்தை டிராயர்ல வைக்கலாம் டாக்டர். கையை எங்க கழட்டி வைப்பா?"

டாக்டர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று கல்வத்தை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். அடுத்த வாரமே மெட்ராஸுக்குப் போய், மூடிய டப்பிக்குள்ளேயே ஆட்டிக் கலக்கும் குட்டி மெஷின் ஒன்றை வாங்கி வந்தார். கூடவே, பாதரசமே இல்லாமல் பல் நிறத்திலேயே அடைக்கும் வெள்ளைச் சிமென்ட். முன்பல்லுக்கும் சின்னச் சின்னக் குழிகளுக்கும் இனி அதுதான் என்று அவரே சட்டம் போட்டார். என் உள்ளங்கைக்கு விடுதலை. வேலையும் என்னிடமே இருந்தது!

ஜனங்கள் லேசில் விடுவார்களா? செம்பாக்கத்திலிருந்து வந்த நிலக்காரர் ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "இன்னாம்மா, பல்லு வலின்னு வந்தா சிமென்ட்டு பூசுறேன்றீங்கோ. இன்னா, வூடா கட்டுறீங்க?" அடைத்து முடித்ததும் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். அடைத்த இடத்தைத் தேடினார், கிடைக்கவில்லை. அடுத்த வாரம் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

கடைவாய்ப் பல்லில் அந்தச் சிமென்ட் தாங்காது. அங்கே பாதரசம் இன்னும் பல வருஷம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாம்பரத்தில் ஒரு மாடி அறையில் அது முதல் அடி பின்வாங்கியதை நான் பார்த்தேன். இப்போது உலகமே அதை வாசல் வரை கொண்டுவந்து விட்டிருக்கிறது.

நாம் விசித்திரமானவர்கள். தங்கம் நிறம் மாறினால் தெருவுக்கு ஓடுவோம். கைக்கு என்ன ஆகிறது என்று யார் பார்க்கிறோம்? இரண்டு வருஷம் என் கை சொல்லத் தெரியாமல் தவித்ததை, மோதிரம் மூன்றே வாரத்தில் போட்டு உடைத்தது.

சரி, என் பல்லுக்கு வருவோம். பஞ்சை எடுத்ததும், இந்தக் கதை முழுவதையும் அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னால், நானே உள்ளங்கையில் தேய்த்துக் கொடுத்து, டாக்டர் எனக்கு அடைத்துவிட்டது அது.

"கெட்டியா இருக்கு மேடம். நோண்டினாத்தான் வம்பு. எடுக்காம அப்படியே விட்டுடலாமா?"

விட்டுவிடுங்கள் என்றேன். அன்றைக்கு வேலையை விட்டுப் போக வேண்டியது நானா பாதரசமா என்று ஒரு சண்டை நடந்தது அல்லவா... ஜெயித்தவள் பிடித்து வைத்த கைதி அது. ஆயுள் தண்டனை.