மச்சானின் இடுப்பைப் பார்க்க வந்தவர்

எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது 1954 நவம்பரில். வீட்டில் நடந்தவற்றை அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரித்து வைத்துக்கொள்வது என் வழக்கம். மச்சான் கப்பலில் விழுந்தது முன். மறுபடியும் கப்பல் ஏறியது பின்.

மச்சான் என்பது என் அக்காளின் கணவர். அக்காளை நாங்கள் லாத்தா என்போம். மச்சான் சிங்கப்பூரில் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தார். மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை வந்து சில மாதம் தங்கிப் போவார். அந்த முறை வரும்போது நடுக்கடலில் காற்று. கீழ்த்தளத்துக்கு இறங்கும் இரும்பு ஏணியின் ஒரு படி கழன்று, அவரும் அதோடு போனார். இடுப்பெலும்பு விட்டுப்போயிற்று. நாகப்பட்டினத்தில் அவரை நாற்காலியில் கட்டி, கயிற்றில் தொங்கவிட்டுப் படகில் இறக்கினார்கள்.

பார்க்க வந்தவர்களிடம் கட்டிலில் கிடந்தபடி, "டெக்கு டிக்கெட்டுல மூணு வேளை பருப்புங்க. நாலாவது வேளைக்கு ஏணி" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். லாத்தா சிரித்து நான் பார்த்ததில்லை.

எழுந்து நடக்கத் தொடங்கியபோது இடது கால் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. கம்பு இல்லாமல் பத்தடி நடந்தால் நெற்றி வேர்த்துவிடும். தரையில் உட்காருவது இல்லை. தொழுகையும் கட்டிலிலேயே.

நாகப்பட்டினத்து வக்கீல் ஒருவர் கப்பல் கம்பெனிக்கு எழுதினார். படி கழன்றதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அதில் தகராறு இல்லை. காயம் இன்னும் இருக்கிறதா, எந்த அளவுக்கு என்பதுதான் கேள்வி. ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு நஷ்டஈட்டைத் தீர்மானிப்பதாகப் பதில் வந்தது. கிடைத்தால் மச்சான் ஊரிலேயே ஒரு சின்னக் கடை வைத்து உட்கார்ந்துவிடுவார். கிடைக்காவிட்டால் சிங்கப்பூர்தான். லாத்தாவுக்குக் கல்யாணமாகிப் பதினோரு ஆண்டு. அதில் அவர் வீட்டில் இருந்தது எல்லாம் சேர்த்து இரண்டு ஆண்டு வராது.

வக்கீல் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "இருக்கிற மாதிரி இருங்க. கூட்டியும் சொல்ல வேணாம், குறைச்சும் சொல்ல வேணாம்."

கம்பெனி அனுப்புவதாகச் சொன்ன ஆள் வந்தது நோன்புக்கு இரண்டு மாதம் முன்பு, மாசியில். லாத்தா இதை ஒப்புக்கொள்ள மாட்டாள். அன்றைக்கு ஆணக் குழம்பில் மாங்காய் போட்டதாக அவளுக்கு நினைவு. அதனால் பங்குனி என்பாள். மாங்காய் போட்டது வேறு நாள். மாசிதான்.

முதல் நாளே அவள் எல்லாம் ஏற்பாடு செய்திருந்தாள். மச்சான் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. வந்தவரோடு நான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். "தம்பி, நீ பேச்சுக் குடுத்துக்கிட்டே இரு. இவுக வாயைத் தொறந்தா கெட்டுச்சு" என்றாள்.

"நான் என்ன, ஊமையா நடிக்கவா?" என்றார் மச்சான்.

"ஊமையா இருங்க போதும். நொண்டியா நடிக்கவே வேணாம், அது நெசந்தானே."

மறுநாள் காலை பார்த்தால் மச்சான் சவரம் செய்து, கஞ்சி போட்ட சட்டையும் தொப்பியுமாக இருந்தார். கம்பு கட்டிலுக்கு அடியில் போயிருந்தது.

எல்லையில் இருந்த வாஞ்சூர் சுங்கச்சாவடியில் நேரமாகிவிட்டதென்று சொல்லிக்கொண்டே வந்தவர் குதிரை வண்டியிலிருந்து இறங்கினார். நடு வயது, தோல் பை, மரியாதையான மனிதர். நான் வாசலுக்குப் போவதற்குள் எனக்கு முன்னால் மச்சான் நின்றிருந்தார். கட்டிலிலிருந்து அங்கே எப்படி வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

"நீங்கதானா அவங்க? உடம்பு எப்படிங்க இருக்கு?"

"அல்ஹம்துலில்லாஹ். நல்லா இருக்கேங்க."

திரைக்குப் பின்னால் ஒரு பாத்திரம் கொஞ்சம் பலமாகவே வைக்கப்பட்டது.

அந்தக் கேள்விக்கு எங்களிடம் வேறு பதில் கிடையாது. காய்ச்சலில் கிடப்பவனும் அதையேதான் சொல்வான். வந்தவர் அதையும் காதில் வாங்கிக்கொண்டார்.

பாய் விரித்தாயிற்று. வந்தவரையும் என்னையும் உட்கார வைத்துவிட்டு மச்சான் கட்டிலுக்குப் போய்விடுவார் என்று இருந்தேன். அவர் என்னைப் பார்த்து, "மாப்ளே, செத்த நவுரு" என்றார். சோறும் கறியும் வைத்த பெரிய சஹன் தாம்பாளத்தைச் சுற்றி மூவரும் உட்கார்ந்தோம். மச்சான் இரண்டு காலையும் மடித்துச் சம்மணம் போட்டிருந்தார்.

"சிரமமா இருக்குமேங்க. நீங்க கட்டில்லயே இருக்கலாமே" என்றார் வந்தவர்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. விருந்தாளியைக் கீழே உக்கார வச்சிட்டு நான் மேலே கெடக்கவா?"

நான் என்னவோ பேச்சுக் கொடுத்தேன். மச்சான் கறியை எடுத்து எடுத்து வந்தவர் பக்கம் வைத்துக்கொண்டிருந்தார். கழுத்திலிருந்து வேர்வை மட்டும் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கை கழுவத் தண்ணீர் அவரே ஊற்றினார். வெற்றிலை மடித்துக் கொடுத்தார். வண்டி வரை போய் வழியனுப்பினார். இடுப்பைக் காட்டச் சொல்லி வந்தவர் கேட்கவில்லை. சாப்பிட்ட வீட்டில் அப்படிக் கேட்க அவருக்கும் கூச்சமாக இருந்திருக்கலாம்.

வண்டி தெருமுனையில் திரும்பும் வரை மச்சான் நின்றார். பிறகு நானும் பக்கத்து வீட்டுக்காரரும் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டோம்.

லாத்தா திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். "வெத்தலை மடிச்சுக் குடுத்தீங்க சரி. காலை எதுக்கு மடிச்சீங்க?"

அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "வந்த மனுசன் தனியாச் சாப்பிடுவானா?"

"தம்பி இருந்தான்ல."

"இது என் வீடு."

அவள் எண்ணெய் சுடவைக்கப் போனாள்.

நோன்பில் பதில் வந்தது. மச்சானால் வர முடியாததால் நான் மட்டும் வக்கீலிடம் போனேன். காயம் ஆறிவிட்டது, தரையில் சம்மணமிட்டு அமர்கிறார், துணையின்றி எழுந்து நடக்கிறார், நலமாக இருப்பதாக அவரே சொன்னார். ஆகவே நஷ்டஈட்டுக்கு இடமில்லை என்று வக்கீல் கடிதத்தைப் படித்துச் சொன்னார்.

"இதுல பொய் எது, சொல்லுங்க" என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். பொய் ஒன்றும் இல்லை.

கப்பல் வழக்குகளைப் பற்றிப் பின்னாளில் கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்தேன். அலை, ஏணி, மாலுமியின் கவனக்குறைவு எல்லாவற்றுக்கும் தீர்ப்பு இருந்தது. சாப்பாட்டைப் பற்றி எதிலும் இல்லை.

கொடி மாறிய பிறகு வந்த தை மாதம் மச்சானைக் கப்பலேற்றப் போனேன். வாஞ்சூரில் வண்டியை யாரும் நிறுத்தவில்லை. கப்பல் தூரத்தில் நின்றது. படகுக்காரன் இவர் நடையைப் பார்த்துவிட்டு, "தூக்கி வச்சிடவா, பாய்?" என்றான்.

"ஒண்ணுமில்லைப்பா" என்றார். பிறகு என் தோளில் கையை வைத்தார். அவருடைய கனம் முழுக்க என்மேல் இறங்கியது. படகில் உட்கார்ந்ததும் கையை எடுத்துக்கொண்டார். சலாம் சொன்னார். படகு போயிற்று.

நான் வீடு திரும்பியபோது லாத்தா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டுட்டுத்தானே ஏறினாக?"

"சாப்பிட்டாங்க."

முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். "இந்தக் கட்டிலைப் பின்கட்டுல போடணும். அந்தப் பக்கம் பிடி."

பிடித்தேன். கதவில் நுழையவில்லை. சாய்த்துக் கொண்டுபோனோம்.